மதாஹேயின் கழுத்து

1

இந்தக் கதை அவசரத்தில் பிறந்தது. வாராவாரம் படக்கதை வரைகிறவளுக்கு, ஓரத்தில் நிற்கிற ஆளுக்கெல்லாம் புது முகம் யோசிக்க நேரம் ஏது? கைக்குப் பழகிய முகத்தைப் போட்டுவிடுவோம். ஷோகன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட பழங்காலத்துச் சோதனைச் சாவடியில் லஞ்சம் வாங்கும் மதாஹேய்க்கு நான் போட்டது அப்பாவின் முகம். ஒரே வாரத்தில் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பாவி, வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது. அவனைத் திட்டப் பிடித்துவிட்டது.

2

பனி கொட்டிய அந்தக் காலையில் மதாஹேய் தன் வாளை…

(வேண்டாம். அழகாக எழுதினால் பொய்யாகிவிடும்.)

அப்பா நெரிமாவில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார். ரயில் நிலையத்தில் டிக்கெட் சரிபார்த்தே வாழ்ந்த மனிதர். திங்கள்கிழமைதோறும் கீழே கடையில் என் படக்கதை வரும் இதழை வாங்கி வரச்சொல்லி, தன் முகத்தைத் தேடுவார்.

"ஏம்மா, டிக்கெட் இல்லாம ஒருத்தனையும் விட்டதில்ல நான். என்னைப் போயி லஞ்சம் வாங்க வச்சிட்டியே! தொப்பையாவது கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

"வரைஞ்சது கைல இருக்குப்பா. அடுத்தது காட்டட்டுமா?"

"சீ, எடு அந்தப் பக்கம். கடைக்கு வரட்டும், காசு குடுத்துப் பாக்குறேன். முன்னாடியே பாக்குறது திருட்டு ரயில் ஏறுற மாதிரி."

3

இதழாசிரியர் முனகாதா நேற்று தொலைபேசியில், வழக்கம்போல 'சென்செய்' என்று மரியாதையாக அழைத்துச் சொன்னார்: "சென்செய், அந்தாளப் போட்டுத்தள்ளுங்க. வாசகர் எழுதிப்போடுற அட்டை பூரா 'எப்ப சாவான்'னுதான் கேக்குது. கடைசிப் பக்கம், கழுத்துல ஒரே வெட்டு. நாளைக் கழிச்சுக் காலைல வந்து வாங்கிக்கிறேன்."

நான் இன்று வரைவது கடைக்கு வர ஒரு மாதமாகும். அப்பாவுக்கு டாக்டர் சொன்ன கெடு அதைவிடக் குறைவு.

(இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே கணக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு நாள் முழுக்க ஆயிற்று. சனியன் பிடித்த மூளை.)

வெட்டினாலும் விட்டாலும் அப்பா பார்க்கப்போவதில்லை. பிறகு யாருக்காக அந்தக் கோட்டைப் போடாமல் வைத்திருக்கிறேன்?

4. முடிவுகள்

அ) வெட்டு விழுகிறது. அட்டைகள் குவியும். எனக்கோ, அப்பாவுக்கு நானே கொள்ளி வைத்தது போல இருக்கும்.

ஆ) மதாஹேய் தப்பித்து மலையேறுகிறான். முனகாதா அதை அழித்து வேறு ஆளை வைத்து வரைந்துகொள்வார்.

இ) மதாஹேய் திருந்தி… (தூ. அப்பாவே சிரிப்பார்.)

5

இந்தப் பகுதியை எழுதக் கூடாது என்றிருந்தேன்.

இன்று மாலை கிளம்பும்போது அப்பா என் சட்டை நுனியைப் பிடித்தார்.

"கண்ணு, அவன் என்னதான் ஆவான்? சொல்லிடேன்."

"கடைக்கு வரட்டும்னு சொன்னீங்களேப்பா?"

"பரவால்ல. இந்த ஒரு தடவை."

வாழ்நாளில் ஒருவனையும் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடாத மனிதர். அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் யாராவது அழுகையை நிறுத்தச் சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

"இன்னும் வரையலப்பா, காலைல சொல்றேன்" என்று ஓடிவந்துவிட்டேன்.

வாளை வரைந்தாயிற்று, கழுத்தையும் வரைந்தாயிற்று. நடுவில் வெள்ளைத்தாள். காலையில் முனகாதாவுக்கு ஒரு பக்கம் வேண்டும், அப்பாவுக்கு ஒரு பதில் வேண்டும். பக்கத்தை எப்படியோ நிரப்பிவிடுவேன். அந்தப் பதிலை மட்டும் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். ஜன்னலோரப் படுக்கை. சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்கு இடது காது கேட்காது.