பேஸ் கிதார் நின்ற நாற்பத்தொரு வினாடி

1

இந்தக் கதை பொறாமையில் முளைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2009-இல் மன்னார்குடியில் 'ஏழரை' என்றொரு ராக் இசைக்குழு தொடங்கியபோது நானும் போய் நின்றேன். கஞ்சிரா தெரியும் என்றேன். "ஏழரை எண்ணிக்கைக்கு வாசி" என்றார்கள். ஏழில் நின்றுவிட்டேன். அந்த மிச்ச அரை இன்றும் எனக்குள் உறுத்துகிறது. ஆகவே, பொறாமை வருகிற இடங்களில் என்னை நடுநிலையாளன் என்று நம்பிவிடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பாமணியாற்றில் தண்ணீர் வந்த அன்று நான்கு பேர்

(வேண்டாம். ஆற்றை விட்டால் கதை அதன் பின்னாலேயே போய்விடும்.)

தமிழ் புரோகிரெசிவ் ராக் வரலாற்றில் ஏழரை குழுவின் இடம்

(இது உபைதுல்லா எழுத வேண்டிய வாக்கியம். இதற்கு மேல் அவனுக்கும் ஓடவில்லை.)

சரி, உபைதுல்லாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

உபைதுல்லா என் வகுப்புத் தோழன். இப்போது பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். ஏழரையில் பேஸ் கிதார், அதாவது பாட்டைக் கீழிருந்து தாங்கும் கனத்த கிதார், வாசித்தான். அந்தக் குழுவின் கடிதக்காரனும் அவன்தான். ஒவ்வொரு ஒத்திகைக்கும் மறுநாள் மற்ற மூவருக்கும் தபால் போடுவான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைப்படி இருக்கும். 'பொருள்: நான்காம் பகுதியில் தாங்கள் அவசரப்படுவது தொடர்பாக.' இதைப் பெற்ற டிரம்ஸ்காரன் சாமா அடுத்த தெருவில்தான் இருந்தான். கடிதம் வரும்போது, போட்டவனே அங்கு டீ குடித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

மற்ற இருவரில் சுஹைப் கிதார், கூத்தாநல்லூர்க்காரன். ஸ்ரீவித்யா கீபோர்டு, கணக்கு எம்.எஸ்சி. படித்துக்கொண்டே பாட்டுகளைக் கட்டியவள். ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும், தாளம் நடுவில் ஐந்து தடவை மாறும், காலால் தட்டிக்கொண்டு கேட்பவன் தடுக்கி விழுவான். ஒத்திகை, சுஹைப்பின் அத்தா ஹபீப் முகம்மதுவின் அரிசி மில் கிடங்கில்.

அவர்கள் வெளியிட்டது ஒரே ஆல்பம். அதில் பெரிய பாட்டு 'முறைப்பாசனம்'. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எல்லா வாய்க்காலையும் ஒன்றாகத் திறக்கமாட்டார்கள் இல்லையா, முறை வைத்துத்தானே விடுவார்கள்? இந்தப் பாட்டிலும் வாத்தியத்துக்கு ஒரு முறை. யார் முறையோ அவரைப் பார்த்து ஸ்ரீவித்யா தலையசைப்பாள். மற்றவர்கள் அடக்கி வாசிக்க வேண்டும். முறைப் பட்டியலைக் கடிதமாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவன் உபைதுல்லா. அதில் பதினோராவது நிமிடம் பேஸ் கிதாருக்கு.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பதிவு நடந்தது 2011 பிப்ரவரியில். சம்பா அறுவடை முடிந்து கிடங்கு முழுக்க நெல் மூட்டை. எதிரொலியே இல்லாத அந்த டிரம்ஸ் சத்தத்தை இன்று மேதைமை என்கிறார்கள். சாமா மறுப்பதில்லை.)

3

பதினோராவது நிமிடம் வந்தது. ஸ்ரீவித்யா சுஹைப்பைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நடந்தது அவ்வளவுதான்.

('உபைதுல்லா அவளைக் காதலித்தான்' என்று எழுதி அடித்துவிட்டேன். காதலாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். கையெழுத்து வாங்கி வைத்திருந்த முறை இன்னொருவனுக்குப் போனதுதான் அவனைச் சுட்டது.)

உபைதுல்லா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். கீழே தாங்குவதற்கு ஒலி இல்லாவிட்டால் சுஹைப் விழுவான் என்று காத்திருந்தான். சுஹைப் விழவில்லை. இருட்டில் படி தேடுகிறவனைப் போல ஒவ்வொரு சுரமாகத் தொட்டுத் தொட்டு நடந்தான். நாற்பத்தொரு வினாடி கழித்து, பொறுக்கமாட்டாமல் உபைதுல்லாவே உள்ளே வந்தான்.

மறுபடி பதிவுசெய்ய வழியில்லை. மூட்டை ஏற்ற லாரி வந்துவிட்டது; கிடங்கு காலியானால் சத்தமே வேறாகிவிடும். மறுநாள் உபைதுல்லா யாருக்கும் கடிதம் போடவில்லை.

4

அடுத்த வருடமே குழு கலைந்தது. சாமா பெங்களூரில் வங்கி வேலைக்குப் போனான். சுஹைப் சென்னையில் விளம்பரங்களுக்கு இசையமைக்கிறான். ஸ்ரீவித்யா தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியை.

போன வருடம் யாரோ ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினார்கள். ஊர் ஊராகப் பேசப்பட்டது அந்த நாற்பத்தொரு வினாடிதான். ஒசாகாவிலிருந்து ஒருவர், 'இந்த இடத்தில் பூமி காணாமல் போகிறது' என்று எழுதியிருந்தார். உபைதுல்லா அதை அச்செடுத்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டான். பிறகு, வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று ஆல்பத்தை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. உள்ளே வைக்கும் குறுநூலுக்குக் குழுவின் வரலாறு வேண்டும்.

"லெட்டரெல்லாம் உன்கிட்டதானே இருக்கு, நீயே எழுது" என்றாள் ஸ்ரீவித்யா. "அந்தப் பதினோராவது நிமிஷத்தை மட்டும் சரியா எழுதிடு உபைது. அன்னிக்கு நான் ஆள் மாத்தித் தலையாட்டிட்டேன். நீ வாசிக்காம விட்டுச் சமாளிச்சதாலதான் பாட்டு பொழச்சுது."

அவன் மறுக்கவில்லை. இரண்டு வாரம் நெஞ்சு நிமிர்ந்து நடந்தான். அப்புறம்தான் சுஹைப்பின் பேட்டி வந்தது: "அந்த இடத்துல பேஸ் வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?" என்றாள் மனைவி நஜ்மா.

"என்னோடதை அவன் எடுத்துக்கிட்டான்."

"எதை?"

அங்கே உபைதுல்லாவுடையதாக இருந்தது பொறாமை ஒன்றுதான்.

5

இந்தக் கதையின் இரண்டாவது பிரதியில் சுஹைப்பைத் திருடனாக எழுதினேன். 'அவன் சிரிப்பில் பிறர் உழைப்பின்' என்று தொடங்கிப் பதினொரு வரி. எழுத எழுத இனித்தது. ஏன் இனித்தது என்று தெரிந்ததும் கிழித்துவிட்டேன். உபைதுல்லா சுஹைப்புக்குப் போன் செய்ததை, உபைதுல்லா என்னிடம் சொன்னபடியே தருகிறேன்.

"சொல்லு மச்சான்."

"பேட்டி கேட்டேன். பேஸ் வேணாம்னு நீ சொன்னியாமே?"

"அதுவா..." சுஹைப் தொண்டையைச் செருமினான். "மச்சான், அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்தேன்டா நான். நீ ஏன் நிறுத்துனேன்னு எனக்குத் தெரியாதா? பேட்டி எடுத்தவன், 'அங்க ஏதாச்சும் சண்டையா'ன்னு நோண்டுனான். 'அவன் கோச்சிக்கிட்டான்'னு சொல்லச் சொல்றியா? அதான் என் தலையில போட்டுக்கிட்டேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. வரலாறு நீதானே எழுதுறே? உன் ஐடியான்னே போட்டுக்க. என்ன எழுதினாலும் நான் ஆமாம்பேன்."

பதின்மூன்று வருடத்தில் சுஹைப் மீது இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை என்றான் உபைதுல்லா. இசையில் பெரியவனாக இருந்தான், சரி. குணத்திலுமா?

6

இனி முடிவு. உபைதுல்லாவிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று, 'யோசனை சுஹைப்புடையது.' பொய். புகழ் சுஹைப்புக்கு.

'யோசனை என்னுடையது' என்றும் எழுதலாம். அதுவும் பொய், சுஹைப் ஆமாம் போட்டால்தான் நிற்கும். காலம் முழுக்க அவன் போட்ட பிச்சை.

இல்லாவிட்டால், 'பொறாமையில் நிறுத்தினேன்.' உண்மை. ஆனால் அப்போது, நண்பனின் மானம் காத்தவனாகச் சுஹைப் இன்னும் ஒரு முழம் உயர்வான்.

"பொறாமைன்னே எழுதுங்களேன்" என்றாள் நஜ்மா. "ஜப்பான்காரருக்குப் புடிச்சதும் அதுதானே?"

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"எனக்குப் புரியுது. உங்க கூட்டாளி ஜெயிக்கிறதுதான் உங்களுக்குப் புடிக்கலை."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் வரலாற்றை அனுப்பியாக வேண்டும். இன்று புதன். முந்தாநாள் உபைதுல்லா என்னிடம் கேட்டான்: "நீதான் கதை எழுதுறவனாச்சே, நாலாவது ஒண்ணு சொல்லு." நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வருகிற முடிவுகளிலும் அந்தக் கூத்தாநல்லூர்க்காரன் சுஹைப்தான் முன்னால் வந்து நிற்கிறான்.

நீங்கள் ஏழரையில் யாருக்கும் உறவில்லை. யாரும் உங்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. உங்களுக்கு அந்த நாலாவது வரலாம். உபைதுல்லா தட்டச்சு செய்து வைத்திருப்பது இவ்வளவுதான்:

'முறைப்பாசனம், பதினோராவது நிமிடம். இங்கே பேஸ் கிதார் நாற்பத்தொரு வினாடி நிற்கிறது. ஏனென்றால்