அத்தான் ராவிய காது

ஒழுகுகிற எதுவும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நம்புகிறவர் என் அக்காவின் கணவர். அவர் மூடிய சர்க்கரை டப்பாவை வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. குளியலறைக் குழாய்களின் தலைகள் ஒவ்வொன்றாக அவர் கையோடு வந்திருக்கின்றன.

ஆகவே அக்காவின் காபிக் கடையில் இருக்கும் ஐம்பது வயது எஸ்பிரஸ்ஸோ மெஷின் ஒழுக ஆரம்பித்தபோது அத்தான் என்ன செய்திருப்பார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் அதன் கைப்பிடியைக் கையால் இறுக்கினார். மறுநாள் அதில் ஒரு முழ நீள இரும்புக் குழாயைச் செருகி, காலைச் சுவரில் ஊன்றி இறுக்கினார். ஒழுகல் நிற்கவில்லை. மெஷின் இருந்த மேசை நாலு விரற்கடை நகர்ந்தது.

"புதன்கிழமை கடை லீவு. நீயும் லீவு போட்டுட்டு வந்துடு," என்று அக்கா போனில் சொன்னாள். "நாலு மணிக்குக் கார்பெண்டர் வந்துடுவாரு."

"மெஷினுக்கு எதுக்குக்கா கார்பெண்டர்?"

"உங்க அத்தான் அதுல செடி வளக்கப் போறாரு."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பட்டனை அமுக்கினால் காபி கொட்டும் புது மெஷின் ஒன்றுக்கு அத்தான் சொல்லிவிட்டாராம். பழையதைக் கடை வாசலில் மர மேடை போட்டு நிறுத்தி, அதன் பாய்லரின் அடியில் நாலு ஓட்டை போட்டு, மண் நிரப்பி, படர்கொடி வைப்பது திட்டம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். இந்த யோசனை பிறந்தது நுரையின் தலையில்.

நுரை என்பது தினமும் கடைக்கு வரும் ஒரு தாடிக்காரருக்கு அக்கா வைத்த பெயர். கோப்பையை மூக்குக்கு நேரே பிடித்து அரை நிமிடம் கண்ணை மூடுவார். பிறகு எலுமிச்சைத் தோலும் ஈர மண்ணும் தெரிவதாகச் சொல்வார். ஒருமுறை அக்கா வேண்டுமென்றே முந்தின நாள் மிஞ்சிய தூளில் போட்டுக் கொடுத்தாள். அன்று காட்டுப்பூ தெரிந்தது. மெஷின் ஒழுகியதைப் பார்த்து, "கசிவுதாங்க இதோட ஆன்மா, ரிப்பேர் பண்ணி அத கொன்னுடாதீங்க," என்றவர் அவர்தான். அந்த ஆன்மாவைக் காப்பாற்ற ஒரே வழி அதன் வயிற்றில் மண் கொட்டுவது என்று அவரும் அத்தானும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள்.

"பட்டன் மெஷின் வந்தா அத அமுக்க ஒரு கொரங்க வெச்சுக்கட்டும்," என்றாள் அக்கா. "நான் கடைக்கு வர மாட்டேன்."

அக்கா எதையும் ஒருமுறைதான் சொல்வாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அத்தானுடைய தம்பி வீட்டுக்கு இனிமேல் வர மாட்டேன் என்றாள். இன்றுவரை அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

இதில் எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஐந்து வருடத்துக்கு முன், மூடப்பட்ட ஒரு ஹோட்டலிலிருந்து அந்த மெஷினை வாங்கியபோது, டார்ச்சோடு குனிந்து, தட்டிப் பார்த்து, நல்ல உருப்படி என்று சொன்னது நான். ஆஸ்பத்திரிகளில் கத்தியையும் கத்தரியையும் நீராவியில் வேகவைக்கும் பெரிய பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். நீராவியும் ரப்பரும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அத்தானிடம் இருப்பது போனில் பார்த்த வீடியோ. என்னிடம் இருப்பது பதினெட்டு வருடம்.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தால்தான் அத்தான் செய்ததன் முழு அழகும் விளங்கும். பின்னால் பாய்லர். முன்னால் கீழ்நோக்கித் திறந்த கனத்த பித்தளை வாய். அதன் தலையில் முழங்கை நீளத்துக்கு ஒரு லிவர். லிவரைக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு பிஸ்டன் மேலேறும், ஒரு ஸ்பிரிங் சுருங்கும், பாய்லரின் வெந்நீர் வந்து நிறையும். விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். வெந்நீர் காபித் தூளை ஊடுருவி இறங்கும். ஊசியில் மருந்தை ஏற்றிப் போடுவது மாதிரிதான். மின்சாரத்தின் வேலை தண்ணீரைச் சுட வைப்பதோடு முடிந்தது. தள்ளுவதெல்லாம் அந்த ஸ்பிரிங்கும், அதைச் சுருக்கும் அக்காவின் தோளும்தான்.

தூள் இருப்பது கைப்பிடி வைத்த ஒரு கிண்ணத்தில். கிண்ணத்துக்கு இரு பக்கமும் இரண்டு காதுகள். அவற்றை வாயின் இடுக்குகளில் நுழைத்து இடமிருந்து வலமாகத் திருப்பினால், உள்ளே ஒரு சரிவான தடத்தின் மேல் ஏறும். ஏற ஏறக் கிண்ணத்தின் விளிம்பு உயர்ந்து, வாய்க்குள் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையத்தில் பதியும். குக்கர் மூடிக்குள் கேஸ்கெட் என்ன செய்கிறதோ அதேதான். கைப்பிடி நம் வயிற்றுக்கு நேரே, கடிகாரத்தின் ஆறு மணியில் வந்து நிற்க வேண்டும். வளையம் வருடக்கணக்கில் சூட்டில் வெந்தால் இறுகும், மெலியும். அப்போது கைப்பிடி ஐந்துக்குப் போகும், நாலுக்குப் போகும். தண்ணீரைப் போல ஒரு சோம்பேறியை உலகத்தில் பார்க்க முடியாது. அழுந்திக் கிடக்கும் தூளுக்குள் புகுவதைவிட விளிம்போரம் இருக்கும் மயிரிழைச் சந்தில் நழுவவே பார்க்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது.

நான் போனபோது மணி பதினொன்று. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா. பாக்க வேண்டியதெல்லாம் நானே பாத்துட்டேன். இது தேறாது."

"என்ன பாத்தீங்க அத்தான்?"

"புது கேஸ்கெட் வாங்கிப் போட்டேன். சும்மா போடல, மூணு நாள் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்துப் போட்டேன்."

"புதுச எதுக்கு ஃப்ரீசர்ல வெச்சீங்க?"

"குக்கர் கேஸ்கெட்ட வெப்பாங்கல்ல."

"அது தளந்துபோன பழசுக்கு. புதுசு என்ன ஐஸ்கிரீமா?"

அக்கா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான் கிண்ணத்தை வாயில் மாட்டித் திருப்பினேன். கைப்பிடி ஏழரையிலேயே நின்றுவிட்டது. ஏழரை யாருக்குத்தான் நல்லது செய்திருக்கிறது. கழற்றித் தலைகீழாகப் பார்த்தேன். கறுத்த பித்தளையில் இரண்டு காதுகளின் அடிப்பக்கம் மட்டும் புதுத் தாலிக்கொடி மாதிரி பளபளத்தது.

"அத்தான், இந்தக் காத என்ன பண்ணீங்க?"

"கேஸ்கெட் போட்டதும் உள்ள நுழையல. அரத்தால கொஞ்சம் ராவினேன்."

"கொஞ்சம்னா?"

"நுழையிற வரைக்கும்."

அத்தான் இருபது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டியவர். காலர் வெட்டினால் ஒரு நூல் பிசகாது என்பார்கள். துணி வேறு, பித்தளை வேறு என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிவிட்டு, இன்னும் ஏன் வலிக்கிறது என்று வீடியோவில் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை, நீங்க பல் டாக்டராப் போகல. பல்லு சேரலன்னா தாடைய ராவியிருப்பீங்க."

"பேசு, பேசு. கேஸ்கெட்டுக்கு மேல அட்டையில ஒரு வளையம் வெட்டி வெச்சா ஒழுகல் நிக்கும்னு இதுல ஒருத்தர் சொல்றாரு."

"அட்டையா? வெந்நீர்லயா?" நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டார்ச் ஆடியது. "ஆடுற மேசைக்குத்தான் அட்டை வெப்பாங்க அத்தான். இது மெஷின்."

அத்தான் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புது வளையத்தில் இரண்டு திருகாணிகளை ஏற்றிக் குறடால் இழுத்தேன். பழம் மாதிரி வந்தது. அது உட்காரவே இல்லை. பாதி வெளியே துருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பள்ளத்தில் கறுப்பாக, வழுவழுப்பாக இன்னொரு வளையம். ஊசியால் கீறினேன். ஒரு கோடு விழுந்தது. கருகிய ரப்பர் வாசனை வந்தது.

நிமிர்ந்தேன். இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் அடிக்கடி வராது.

"அக்கா, இங்க வாயேன். உன் வீட்டுக்காரர் வேலையப் பாரு. பழைய கேஸ்கெட்ட எடுக்கவே இல்ல. அது மேலயே புதுச வெச்சிருக்காரு. தொப்பி மேல தொப்பி. அப்புறம் தலை நுழையலன்னு காத ராவியிருக்காரு."

அக்கா வந்து நின்றாள். நான் பழையதை உடைத்தெடுக்க உளியை அதன் மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

"ஏய் ஏய், அத தட்டாத." அத்தான் பதறி எழுந்தார். "அது இரும்பு. பாடியோட வந்தது."

"இதுவா இரும்பு? எந்த முட்டாள் உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த துணியை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"நீதாண்டி சொன்ன."

சுத்தியல் ஓங்கியபடியே நின்றது.

"வாங்குன அன்னிக்கு," என்றாள் அக்கா. "ஸ்குரூ டிரைவரால தட்டிக் காட்டுன. டங்குனு கேட்டுச்சு. 'இந்த வளையம் இரும்பு, பாடியோட சேத்து வார்த்தது, யாரும் கை வெக்காதீங்க'ன்ன. அஞ்சு வருஷமா தெனமும் பிரஷ் போட்டுத் தேச்சு வெக்கிறேன்."

எனக்கு நினைவு வந்தது. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டங் என்று ஒலித்தது வளையம் இல்லை, பக்கத்திலிருந்த பித்தளை. அந்த வளையத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. கேட்காத கேள்விக்கு நானே முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று கேஸ்கெட் மாற்றுகிறவள், ஒரு கேஸ்கெட்டைப் பார்த்து இரும்பு என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருடம் அக்கா அந்த இரும்போடு மல்லுக்கட்டிக் கைப்பிடியை நாலு மணிப் பக்கம் வரை தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்து, வயசாகுதுல்ல என்று கேலி வேறு செய்திருந்தேன்.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. வளையம் இரும்பு என்றால் புதியதை அதன் மேல்தான் வைக்க வேண்டும். மேலே வைத்தால் காது நுழையாது. நுழைய வேண்டுமென்றால் ராவத்தான் வேண்டும். என்னுடைய முட்டாள்தனத்துக்குள் அத்தான் ஒரு படி விடாமல் சரியாகத்தான் நடந்திருக்கிறார்.

"வீடியோவுலயும் பழச எடுக்கணும்னுதான் சொன்னான்," என்றார் அத்தான் மெதுவாக. "நம்ம வீட்டு இன்ஜினியர விடவா இவனுக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அவர் குத்திப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே சொன்னார்.

நான் ஓங்கிய சுத்தியலை உளியில் இறக்கினேன். இரும்பு பதினொரு துண்டாக வந்தது. பள்ளத்தில் தார் மாதிரி படிந்திருந்த காபிக் கசடைச் சுரண்டித் தேய்த்துத் துடைக்க இரண்டு மணியாகிவிட்டது. அத்தானின் புது வளையத்தையே எடுத்தேன். ஃப்ரீசர் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை. சரிந்த விளிம்பு மேலே இருக்கும்படி வைத்து, வெறும் கிண்ணத்தால் அழுத்தி உட்கார வைத்தேன். அக்கா மெஷினைப் போட்டாள். பாய்லர் சூடாகும்வரை மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றேகாலுக்கு அக்கா தூள் நிரப்பிக் கிண்ணத்தை மாட்டினாள். கைப்பிடி ஆறைத் தாண்டியது. ஐந்தைத் தாண்டியது. நாலில் போய் நின்றது. லிவரை இழுத்து விட்டாள். விளிம்போரமாகத் தண்ணீர் சிணுங்கிக்கொண்டு இறங்கியது. காதில் ராவி எடுத்த கனம், ஒரு நகத்தின் தடிமன், விளிம்பு மேலே போய் ரப்பரில் பதிய வேண்டிய இடத்தில் குறைந்தது.

"இதுக்குன்னு தடியான வளையம் இருக்குக்கா. வரவழைக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"ஒரு வாரம்."

அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அத்தான்," என்றேன். "அந்த அட்டை."

"எந்த அட்டை?"

"கேஸ்கெட்டுக்கு மேல வெக்கிறது."

"ஓ. ஆடுற மேசைக்கு வெப்பாங்களே, அதுவா?"

"அதேதான்."

ஒரு பால் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். கழுவினார், துடைத்தார், கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டார், அக்காவின் கத்தரிக்கோலை வாங்கினார். நாலு நிமிடத்தில் என் கையில் ஒரு வளையம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பிசகவில்லை. மறுபடி ரப்பரை உருவி, சுட்டுக்கொண்ட விரலை ஊதிக்கொண்டே அட்டையைப் பள்ளத்தில் செருகி, ரப்பரை ஏற்றினேன்.

அக்கா மாட்டினாள். கைப்பிடி அவள் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது. லிவரை இழுத்தாள், விட்டாள். விளிம்பு காய்ந்தே இருந்தது. கீழே எலிவால் கனத்தில், பழுப்பாக, காபி இறங்கியது. அக்கா ஏப்ரனின் முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பட்டன் மெஷின்காரனுக்குப் போன் போடுங்க," என்றாள் அத்தானிடம். அத்தான் போட்டார்.

அவர் பேசி முடிப்பதற்குள் கார்பெண்டர் துளை போடும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எங்கங்க ஓட்டை போடணும்?"

"இருந்த ஓட்டையவே அடச்சாச்சு," என்றார் அத்தான். "உக்காருங்க, காபி குடிச்சிட்டுப் போலாம். சின்னப் பிரச்சினைதான். ஒரு அட்டைய வெட்டி வெச்சேன், நின்னுடுச்சு."

"மேசைக்கு வெக்கிற மாதிரியா?"

"அப்படியேதான்."

நாளைக்கு நுரை வந்து இதில் அட்டை வாசனை தெரிகிறது என்பார் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு யாரைப் பற்றியும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சாமான்களை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பும்போது அக்கா என் கருவிப் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் போட்டாள். உள்ளே ஏதோ கலகலத்தது.

"என்னக்கா இது?"

"உன் இரும்பு," என்றாள். "விட்டுட்டுப் போற பாரு."