கயிறு பிடித்த கை

சவப்பெட்டியின் மேல் கிடந்த பழைய பேஸ்பால் மட்டையை எமில் எடுத்துப் போய் குடைகளோடு மூலையில் சாத்தினார். வில்மா அதைத் திரும்ப எடுத்து வந்து அப்பாவின் பெட்டி மேல் வைத்தாள். துக்கச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடை அறுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள்.

“பொய்யையும் கூடச் சேத்துப் புதைக்கப் போறியா?” என்றார் எமில்.

அவர் அப்பாவின் தம்பி. ஒரே சுரங்கம், ஒரே தெரு. ஆனாலும் பல வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர்.

அப்பா லூதர் கெம்ஃப் சுரங்கத்தில் இறங்குவதற்கு முன் ஒரே ஒரு வருஷம் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார். ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை போய்ச் சேரும் ட்ரிபிளை அந்த வருஷம் அந்த லீக்கில் அவரளவுக்கு யாரும் அடிக்கவில்லை. இருபத்தாறு. சூப்பில் உப்புக் குறைந்தாலும் அந்தக் கதைதான், மகளை அடித்து ஓய்ந்த பிறகும் அந்தக் கதைதான். கேட்டாலே வில்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு அப்படியில்லை. மைதான வாசலில் அவர் பெயரைப் பலகையாக மாட்டப்போவதாக இன்று குழிமேட்டில் கிளப் தலைவர் அறிவிக்கப்போகிறார். அதைக் கேட்க விடிந்ததிலிருந்தே கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வில்மா சித்தப்பாவைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்காமல் மைதானத்துக்குள்ளேயே கயிறு கட்டி ஜனங்களை நிறுத்துவார்கள். பந்து கயிற்றைத் தாண்டி ஜனத்துக்குள் உருண்டால் அது ட்ரிபிள் என்று கணக்கு.

“உங்கப்பன் மட்டையத் தூக்குனா நாங்க கயித்தப் புடிச்சு முன்னால நகந்துருவோம். எதிராளி வந்தா பின்னால போயிருவோம். பாதி ட்ரிபிள் என் காலடியில விழுந்தது. அதச் சொன்னதுக்கு ஊரு முன்னாடி என் மூஞ்சில பீர ஊத்துனான். இன்னிக்குக் குழிமேட்டுல சொல்றேன், எந்திரிச்சு வந்து ஊத்தட்டும்.”

“அவரத் திட்ட நான் இருக்கேன், சித்தப்பா. நீங்க வேணும்னா நாளைக்கு மதுக்கடையில சொல்லிக்கங்க. அம்மா காதுல விழக்கூடாது.”

“அவளுந்தான் கேக்கட்டுமே.”

கல்லறையில் காற்று கரித்தூளோடு அடித்தது. குழியின் குறுக்கே போட்ட பலகைகளின் மேல் பெட்டி, அடியில் கயிறுகள். தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தவரிடமிருந்து வில்மா அதை வாங்கி எமிலின் கையில் திணித்தாள்.

“புடிங்க. உங்களுக்குப் பழக்கம்தானே.”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. எமில் பிடித்தார். பலகைகளை உருவினார்கள். நான்கு பேர் கையிலும் கனம் இறங்கியது.

“இப்பவே சொல்லிருங்க, அம்மா ரொம்ப நேரம் நிக்க மாட்டாங்க,” என்றாள் வில்மா கிளப் தலைவரிடம். அவர் தொப்பியைக் கழற்றி இருபத்தாறையும் சொன்னார், வாசலில் மாட்டும் பெயர்ப்பலகையையும் சொன்னார். குடும்பத்தில் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

எமில் வாயைத் திறந்தார். தலைமாடு சரிந்தது. மட்டை மூடியின் மேல் உருண்டு விளிம்பில் நின்றது.

“எமில், கையப் பாரு,” என்றார் எதிரே நின்றவர்.

எமில் வாயை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைக்க, காறித் துப்புவது போல வில்மாவைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை.

பெட்டி மெல்ல இறங்கிக் குழியின் தரை தட்டியது. அம்மா கையுறையை நீவிவிட்டுக்கொண்டாள். மற்ற மூவரும் கயிற்றை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே உள்ளங்கையைத் தேய்த்தார்கள். எமில் மட்டும் இன்னும் பிடித்திருந்தார். கயிற்றோடு ஓர் அடி முன்னால் வந்திருந்தார். அவருடைய பூட்ஸ் நுனியிலிருந்து மண் பொடிப்பொடியாய்க் குழிக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது.