பதினான்கு காட்டிய குழாய்

மீட்டர்காரரின் மனைவி இறந்த மறுவாரம் அவர் வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர் வரத் தொடங்கியது. தெருவில் மற்ற வீடுகளில் நல்ல தண்ணீர்தான். பிளம்பர் மூன்று முறை வந்து குழாயைக் கழற்றி மாட்டிவிட்டு, கூலி கேட்க வெட்கப்பட்டுப் போய்விட்டார். மீட்டர்காரருக்கு டயாலிசிஸ் பிரிவில் வேலை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கரைசலில் உப்பு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து; அதை அளக்கும் மீட்டரைத் தினமும் காலையில், அளவு தெரிந்த உப்புநீரில் முக்கிச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. பழக்கதோஷத்தில் வீட்டுத் தண்ணீரிலும் முக்கிப் பார்த்தார். பதினான்கு. மீட்டரைச் சரிபார்க்க ஆஸ்பத்திரியில் விலைக்கு வாங்கும் உப்புநீர் பாட்டிலும் அதே பதினான்குதான். அவர் வீட்டுத் தண்ணீரை ஆஸ்பத்திரியில் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்; சரி என்று முத்திரை குத்தி வந்தது. அத்தோடு பாட்டில் வாங்குவது நின்றது. வருஷங்கள் போயின. குடிக்க ஒரு குடம் எதிர்வீட்டில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுத் தண்ணீரைக் கேனில் சுமந்து வேலைக்குப் போனார். தன்னால் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்று கொஞ்சம் மிதப்புகூட உண்டு. பேசத்தான் ஆளில்லை. மீட்டரிடம் பேசினார், அது எண்ணில் பதில் சொன்னது.

தன் வீட்டில் தனியாகக் கிடந்து அலுத்துப்போன அக்கா ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். "என்னடா தண்ணி இப்படிக் கரிக்குது? இதுல பல்லு விளக்குனா பல்லே ஊறுகாயாயிடும்போல!" ஒரே வாரத்தில் தண்ணீர் பதின்மூன்றுக்கு இறங்கியது. அலமாரியில் மிச்சமிருந்த ஒரே பாட்டிலில் முக்கினால் மீட்டர் ஒழுங்காகப் பதினான்கு காட்டியது, மீட்டரில் குற்றமில்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்த நாட்களில் தண்ணீர் இன்னும் இறங்கியது. அந்தப் பாட்டிலை வைத்து ஒப்பேற்றினார்கள். அதுவும் தீரும் நிலை. நோயாளிகளின் முகம் அவர் கண்முன் வந்தது. கூடவே தன் மிதப்பும் வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "அக்கா, உன் வீட்டைப் பூட்டியே போட்டிருக்கியே..." என்று இழுத்தார். அக்கா விவரமானவள். அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

மறுநாள் தலைமை நர்ஸ் கேனில் மீட்டரை முக்கினாள். பதினான்கு, மயிரிழை பிசகவில்லை.

"அக்கா போயிட்டாங்களா, சார்?"

"ம்."

"பாட்டிலுக்குப் போன வாரமே சொல்லிட்டேன், இன்னிக்கு வந்துரும். கடையில கிடைக்கிற சாமானுக்கு யாராவது அக்காவத் துரத்துவாங்களா? லீவு எழுதிக் குடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ் ஏறும்வரை இருந்தது.

அக்கா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு பெட்டியை அவர் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். இப்போது அவர் வீட்டிலும் நல்ல தண்ணீர்தான். அக்கா எங்காவது ஊருக்குப் போனால் மட்டும், சமையலுக்கு அவர் உப்பு போடுவதில்லை.