டெல்பர்ட் கண்ட அசையாத பாறை

டெல்பர்ட் எட்சிட்டிக்குப் பாறையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதன் முன்னால் நின்றால் புகைப்படம் நன்றாக வரும் என்பதுதான். எங்கள் நவஹோ பழங்குடி மண்ணில் பிறந்தவன். ஃபீனிக்ஸ் நகரத்தில் ஆறு வருடம் கார் விற்றுவிட்டு வெள்ளைத் தொப்பியோடு திரும்பினான். பள்ளத்தாக்கின் நடுவே ஒற்றையாக நிற்கும் செங்குன்றின் அடியில் வெளியூர்க்காரர்களுக்குக் கல்யாண மேடை போடப்போவதாகச் சொன்னான். தச்சன் நான்தான். பெஞ்சுகள் செய்து கொடுத்தேன். ‘இருபது கோடி வருடமாக அசையாத பாறை’ என்று பலகையும் எழுதினேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

முதல் கல்யாணம் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. காலையில் பாதையைச் சமப்படுத்த, கிரேடர் வண்டி ஓட்டும் வெர்னா வந்தாள். டெல்பர்ட்டின் பெரியம்மா மகள். சாலையில் உருளும் கற்களை ஒதுக்குவதே இருபது வருடமாக அவள் வேலை. குன்றடியில் இறங்கியவள், பனிமேல் கிடந்த சிவப்புச் சில்லு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“தம்பி, பனி எப்ப பெஞ்சுது?”

“ராத்திரி,” என்றான் டெல்பர்ட்.

“அப்ப பனிக்கு மேல கிடக்கிற இது எப்ப விழுந்துச்சு?”

“ஆடு தட்டி விட்டிருக்கும்க்கா.”

“அந்தச் செங்குத்துலயா? றெக்க முளைச்ச ஆடா?”

நான் சிரித்துவிட்டேன். டெல்பர்ட் என்னை முறைத்தான்.

வெர்னா குன்றின் அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினாள். களிப்பாறை மாவாக உதிர்ந்தது. “மேல இருக்கிற மணற்பாறை கெட்டி. தாங்குற இது கரையுது. ராத்திரி வெடிப்புல தண்ணி உறையுது, பகல்ல உருகுது. அசையாத பாறையாம்! சுத்திக் கிடக்கிற இத்தன கல்லும் வானத்துல இருந்தா விழுந்துச்சு?”

“நீ என்ன காலேஜா படிச்ச? மண்ணு தள்ளுறவதானே!”

“ஆமாடா. மேல இருந்து விழுந்ததத்தான் தள்ளுறேன்.”

 வெர்னா என்னையும் அவனையும் வெளியே விரட்டி, அரை மைல் தள்ளிப் பாதையை அடைத்து வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள். சாவி சட்டைப்பையில். விருந்தாளிகளின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அங்கேயே நின்றன. டெல்பர்ட் குதித்தான், கத்தினான், மணப்பெண்ணின் அப்பாவிடம் அக்காவுக்குப் பைத்தியம் என்று கைகூப்பாத குறையாகச் சொன்னான். வெர்னா வண்டியின் ஏணிப்படியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்குக் குன்றின் முகத்தில் வெயில் ஏறியது. மரம் பிளப்பது போன்ற சத்தம். பேருந்து அளவுப் பாளம் ஒன்று சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் தரை அதிர்ந்தது, எல்லாம் செம்புழுதி. பூச்சாடி வைக்க நான் அந்நேரம் மேடையில் இருந்திருக்க வேண்டியவன். மேடையும் என் பெஞ்சுகளும் பாளத்துக்கு அடியில்.

மணப்பெண்ணின் அப்பா வெர்னாவிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். டெல்பர்ட் இடையில் புகுந்தான். “தூரமா வெச்சுக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்ல!”

“சொன்ன,” என்றாள் வெர்னா. “ஆடுங்ககிட்ட.”

கல்யாணம் கிரேடர் பக்கத்திலேயே நடந்தது. மணப்பெண்ணின் கவுனில் கிரீஸ் ஒட்டியது, அவள் கண்டுகொள்ளவில்லை.

டெல்பர்ட் இப்போது வடக்கே ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடுகிறான். அந்த ஏரியில் வருடா வருடம் தண்ணீர் இறங்குவது ஊருக்கே தெரியும். கரையில் தண்ணீர் விட்டுப்போன கோட்டை அவன் இன்னும் பார்க்கவில்லை.