ஏழிலிருந்து ஏழு பத்து வரை

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவளுக்குத் தன் வீட்டைப் பற்றி ஒரு மனக்குறை இருந்தது. காலை நேரத்தில் அந்த வீட்டை இழுத்துக்கொண்டு ஓடுவது தான் ஒருத்திதான், மற்ற மூன்று பேரும் சொகுசாக ஏறி உட்கார்ந்து வருகிறார்கள் என்பது அது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர்களை எல்லாம் அலுங்காமல் மேலே ஏற்றுகிறவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். பதினான்கு வயது மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்குக் குறைவில்லாமல்தான் இருந்தாள். நான்காவது ஆள் கொழுந்தன். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். நான்கு வருஷமாக அவர்களோடுதான் இருக்கிறான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தினமும் காலை ஏழு பத்துக்கு, ஓட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, கையில் ரொட்டிப் பையோடு பூனை மாதிரி உள்ளே வருவான். 'ஊமைக்கோட்டான், நேரம் பார்த்து வருது' என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை வாலு பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள்.

"டீச்சர் கொடுத்தாங்க. வீட்ல இருக்கிற எல்லாரும் எழுதணும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து படிக்கணும்."

தாளில் இரண்டே வரி. 'காலை ஏழு மணியிலிருந்து ஏழு பத்து வரை உங்கள் வீடு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள்.'

"அந்த நேரத்துல எனக்கு மூச்சு விடவே முடியல, இதுல பார்க்கிறது எங்க, கேட்கிறது எங்க?" என்றாள் அம்மா. ஆனாலும் மறுநாள் கடையில் சாப்பாட்டு வேளையில் எழுத உட்கார்ந்தவள், மூன்று பக்கம் எழுதித் தள்ளிவிட்டாள். நெஞ்சில் கிடந்ததெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். முதலில் அவள் படித்தாள். அடுப்பு, துணி, தொலைந்த சாக்ஸ், கத்திக் கத்தி வற்றிப்போன தொண்டை. முடித்துவிட்டு, நீதி கேட்டு வந்தவள் போல எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

கணவர் எழுதியிருந்தது பழுது பார்த்த வேலைகளின் குறிப்பேடு மாதிரி இருந்தது. "ஏழு மணி. குளியலறை மூடியிருக்கிறது. ஏழு இரண்டு. இன்னும் மூடியிருக்கிறது. ஏழு நான்கு. தட்டினேன். உள்ளேயிருந்து மகள் பதில் சொன்னாள். எழுதத் தக்கது அல்ல." வாலு கைகொட்டிச் சிரித்தாள். அவர் தொடர்ந்தார். "ஏழு ஆறு. மனைவி என் சாப்பாட்டு டப்பாவை மூடி, மூடியின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பத்தொன்பது வருஷமாகத் தட்டுகிறாள். காரணம் தெரியவில்லை. தட்டாத நாள் கிடையாது."

"நான் எங்க தட்டுறேன்?" என்றாள் அவள்.

"டக், டக்" என்று மேசையில் தட்டிக் காட்டினார் கணவர். வாலுவும் சொல்லிவைத்தது போல அதே தாளத்தில் தட்டினாள். அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வாலுவின் தாளில் ஐந்தே வரி. "காலையில் நான் பார்ப்பது அம்மாவின் முதுகை மட்டும்தான். அந்த முதுகுக்குக் கண் இருக்கிறது. நான் பால் குடிக்காமல் நழுவினால் திரும்பாமலே கூப்பிடும். அம்மாவின் முகம் எனக்கு மாலையில்தான் கிடைக்கும். அதுவரை முதுகோடு பேசுவேன்."

அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொழுந்தன் தன் தாளை வாலுவிடம் நகர்த்தினான். "நீயே படி."

அவனுக்கு அப்படி ஒரு கையெழுத்து இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. வாலு படிக்க ஆரம்பித்தாள்.

"ஏழு மணிக்கு நான் மாடிப்படியில் இருக்கிறேன். வீட்டுக்குக் கீழே, படி திரும்புகிற இடத்தில். வீட்டில் குளியலறை ஒன்றுதான். நானும் உள்ளே போனால் நெரிசல் கூடும். அதனால் பத்து நிமிஷம் அங்கே நிற்பேன். முதலில் அதற்காகத்தான் நின்றேன். சமையலறைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அடைத்துவிடுவதாக அண்ணன் நான்கு வருஷமாகச் சொல்கிறார். அது படிக்கட்டுப் பக்கம் திறக்கிறது. அதன் வழியாகத்தான் எனக்குக் கேட்கிறது. அண்ணி பாடுகிறார்கள்."

வாலு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"படிம்மா" என்றார் அப்பா.

"வார்த்தை கிடையாது. குழாயைத் திறந்ததும் தொடங்கும், மூடியதும் நின்றுவிடும். தண்ணீர்ச் சத்தத்தில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது. மழை நாளில் மெதுவாக வரும். வாலுவுக்குப் பரீட்சை என்றால் வேகமாக வரும். அண்ணன் காய்ச்சலில் கிடந்த வாரம், ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அந்த வாரம் நான் பத்து நிமிஷத்துக்கு மேலும் நின்றேன். மேல் வீட்டுத் தையல்காரர் குப்பை வாளியோடு அந்த நேரத்துக்குத்தான் இறங்குவார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரும் நிற்பார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அடுப்பின் முன் எட்டு மணி நேரம் நின்ற உடம்பு எனக்கு. அங்கே நின்றுவிட்டு வந்தால்தான் தூக்கம் வருகிறது."

வாலு தாளை அம்மாவின் முன் வைத்தாள்.

"நான் பாடுறேனா?" என்று கேட்டாள் அவள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "தம்பி, அது பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும்ப்பா."

"ரேடியோ இல்ல அண்ணி. குழாய மூடினா ரேடியோ நிக்குமா?"

"அம்மா, நான் பாட்டு போட்டாலே நீ நிறுத்தச் சொல்வியே!"

கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்துவிட்டு, தன் மனைவியைப் பற்றிய செய்தியைத் தம்பியின் தாளிலிருந்து தெரிந்துகொள்கிற மனிதர் வேறு எப்படிப் பார்ப்பார்?

ஏழு பத்துக்கு வருகிறவனைப் பற்றி இத்தனை நாள் மனதுக்குள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வர, அவள் நிமிராமலே கேட்டாள். "நாலு வருஷமா படியிலயா நின்னே? கால் வலிக்காதா?"

"தெரியல அண்ணி. கவனிச்சதில்ல."

திங்களன்று குழாயைத் திறந்தவளுக்குப் பாட்டு வரவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தால் எங்கிருந்து வரும்? செவ்வாயும் அப்படியே. புதனன்று வேண்டுமென்றே ஏதோ முனகிப் பார்த்தாள். தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. "இன்னிக்கு எதுவும் வரல" என்று கொழுந்தன், கடையில் பால் தீர்ந்ததைச் சொல்வது போலச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு வாடிக்கையாளர் மேல் அவளுக்குக் கோபம். பார்த்துப் பார்த்துத் தேய்த்த லென்ஸை முந்தின நாள் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த மனிதரை மனதுக்குள் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். திடீரென்று முதுகுக்குப் பின்னால் வீடு காலியாக இருப்பது உறைத்தது. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டாள். பதிலில்லை. ஈரக் கையோடு வாசலுக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

படி திரும்புகிற இடத்தில் நான்கு பேர். ஒரு காலில் மட்டும் ஷூவோடு கணவர். வாயில் பிரஷ்ஷோடு வாலு, நுரை தாடைவரை வழிந்திருந்தது. ரொட்டிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கொழுந்தன். வாளியைக் காலடியில் வைத்துவிட்டு, கோயிலில் நிற்பவர் போலக் கைகட்டி நின்ற தையல்காரர். நால்வரும் சுவரில் இருந்த அந்த ஓட்டையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது கணவரின் முகம் இப்படி இருந்தது. அதற்குப் பிறகு இன்றுதான் அவள் அதைப் பார்க்கிறாள்.

"என்ன?" என்றாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல." ஷூ இல்லாத காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "குழாய மூடாம வந்துட்ட."

"பாடினேனா?"

நான்கு தலைகளும் ஒன்றாக ஆடின.

"எனக்குக் கேட்கலையே" என்றாள் அவள், குழந்தை மாதிரி. "எப்படி இருக்கும்? தம்பி, நீதான் நாலு வருஷமா கேட்கிறியே. கொஞ்சம் சொல்லேன்."

கொழுந்தன் காது மடல் வரை சிவந்துபோனான். ரொட்டிப் பையைக் கைமாற்றினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் மெல்ல முனக ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் தையல்காரர் அவன் தோளைத் தொட்டார்.

"அந்த இடத்துல கொஞ்சம் கீழ இறங்கும் தம்பி. அப்புறம்தான் ஏறும்."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தான். இந்த முறை சரியாக இறங்கி ஏறியது. அவள் மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் இதுவரை கேட்டிருந்த பாட்டு எதனோடும் அது சேரவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. தன்னுடையது என்று இதுவரை தெரியாத ஒன்றை, இரண்டு ஆண்கள் திருத்தித் திருத்திப் பாடுவதை அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.