எல்லோருக்கும் போன அழைப்பு

மார்ச் 14. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அக்கா குழந்தையின் முதல் பிறந்தநாள் அழைப்பை அப்பாவின் போனிலிருந்து அனுப்பும்போது, வேண்டியவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல் எல்லோரையும் சேர்த்துவிட்டேன்.

மாலை வகுப்புக்காகத் தினமும் எழுதும் குறிப்பில் சின்னவள் நேற்று இவ்வளவுதான் எழுதியிருந்தாள். இன்று அதே போனை வைத்துக்கொண்டு, பலூன் பறக்கும் அந்த அழைப்பை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில் பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்ததோடு சரி.

'அப்பா இன்று காலை காலமானார். மாலை விழா இல்லை.' அழைப்புதான் மொத்தமாகப் போனது, இதையாவது தனித்தனியாகச் சொல்வோம் என்று ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தட்டினாள். குழாய் ரிப்பேர்காரர் படிக்காமலேயே 'வாழ்த்துகள், குடும்பத்தோட வந்துடறோம்' என்று பதில் போட்டார். கேஸ் ஏஜென்சியிலிருந்து 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. சிரிப்பு வந்தது. அப்பாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நேற்றும் சிரிக்கத்தான் செய்தார். "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போன வீடு ஒண்ணு விடாம கூப்பிட்டுட்டியா? எல்லாரும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும்." பிறகு பட்டியலில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"தம்பிக்கும் போயிருச்சா?"

"போயிருச்சுப்பா. ரெண்டு டிக் விழுந்திருக்கு. இப்படி மொத்தமா அனுப்பினா, நம்ம நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கிறவங்களுக்குத்தான் போகும்."

"அப்போ இன்னும் வச்சிருக்கான்."

வேலை முடிந்து வந்ததும் போனை எங்கேயாவது தூக்கிப் போடுகிற மனிதர், படுக்கும்போது அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அப்பாவின் அம்மா இறந்தபோது, வெளியூரில் இருந்த தம்பி பதறுவான் என்று அப்பா 'உடம்பு சரியில்லை, வா' என்று மட்டும் சொன்னார். காத்திருக்கவும் இல்லை. சித்தப்பா பழப் பையோடு வந்து நின்றபோது எல்லாம் முடிந்து வீடு கழுவியிருந்தார்கள். வாசலிலேயே பையை வைத்துவிட்டுத் திரும்பியவர்தான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் சித்தப்பாவின் பெயர், அப்பா பதிந்து வைத்தபடி: தம்பி. 'கிளம்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்.'

அவருக்கு இன்னும் தட்டியிருக்கவில்லை. சின்னவள் அக்காவிடம் காட்டினாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்டி, பஸ்ஸுல தனியா வர்றார். உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லி வை."

"மறுபடியுமா?"

"அப்போ வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

"மூணு மணிக்கு அப்பாவை எடுக்க வண்டி வருது அக்கா."

அக்கா மடியிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். தான் செய்வது சரியா என்று தெரியாமலேயே சின்னவள் அந்தப் பெயரை அழுத்தினாள்.

"அண்ணே! நீயே கூப்பிடறியா?" மறுமுனை மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. "அவனே எறங்கி வந்து கூப்பிட்டுட்டான், நாம என்ன பெரிய இவனான்னு பஸ் ஏறிட்டேன். குழந்தைக்கு அளவு தெரியல. கவுன் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், திட்டாதே. அண்ணே? லைன்ல இருக்கியா?"

அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சித்தப்பா, நான் சின்னவ."

"ஏய், நீயா! அவன் எங்கே, வெக்கப்படறானா? குடு அவன்கிட்ட."

"அப்பா காலைல போயிட்டார் சித்தப்பா."

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. யாரோ யாரையோ தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல. கூடத்துலதான் இருக்கார். நீங்க வராம எடுக்க மாட்டோம்."

மூன்று மணிக்கு வண்டி வந்தது. "அடுத்த எடத்துக்குப் போகணும்மா" என்று டிரைவர் இரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "என் சித்தப்பா வரணும். வேணும்னா வேற வண்டி சொல்லிக்கறோம்." டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே எஞ்சினை அணைத்தார்.

வெயில் சுவரேறும் நேரத்தில் சித்தப்பா வந்தார். புதுச் சட்டை. கையில் பளபளப்பான தாள் சுற்றிய பெட்டி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார்.

"அழைப்பு அவன்தானே அனுப்பினான்?"

அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"ராத்திரி போனைத் தலைமாட்டுலயே வச்சிருந்தார் சித்தப்பா. நீங்க ஏதாவது போடுவீங்கன்னு."

அவர் தலையாட்டினார். தவழ்ந்து வந்த குழந்தை பெட்டியின் தாளைப் பிடித்து இழுத்தது. அவர் இடுக்கியிருந்த கையை மெல்லத் தளர்த்தினார்.

மார்ச் 15. அப்பா இறந்துவிட்டார். சித்தப்பா வந்த பிறகுதான் எடுத்தோம்.
நாளை: கவுனைத் தோளில் பிடித்துத் தைக்க வேண்டும்.